விதையில்லாத பரணுக்குப் புகை

கடப்பாரைச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கையில் அகப்பை இருந்தது. சேலைத் தலைப்பால் வலது கண்ணை ஒற்றிக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி நின்றாள். இடது கண் அதற்குள் முழுசாகப் போயிருந்தது.

"ஏடி, செவுர இடிக்கிறாகளா?"

"ஆமாம்மா."

"அடுப்படிச் செவுரா?"

கேட்கும்போது அவள் முகம் சிரித்தது. அம்மா அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும்.

"இல்லம்மா. வாசச் செவுரு. டிராக்டரு உள்ள வர எடம் பத்தலையாம்."

"டிராக்டரா…" என்றாள். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போய், குனிந்து அடுப்பை ஊதினாள். உள்ளிருந்து இருமல் சத்தம் மட்டும் வந்தது.

போன இதழில் எங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றி எழுதியதற்குச் சிலர் கடிதம் போட்டிருந்தீர்கள். அந்தக் காலம் பொற்காலம் அம்மா, இன்னும் எழுதுங்கள் என்று. நல்லது. இந்த வாரம் எனக்கு வேறு ஒரு கோபம் இருக்கிறது. பொற்காலத்தைப் பற்றித்தான் அதுவும்.

செந்திலின் போன்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் பூர்வீகப் பண்ணை வீடு இருக்கிறது. இப்போது அதைப் பார்த்துக்கொள்கிறவன் செந்தில். என் பெரியப்பாவின் பேரன், என்னை அத்தை என்று கூப்பிடுகிறவன். மதுரையில் வியாபாரம். கெட்டிக்காரன், பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஓடு மாற்றி, காரை பூசி, தொழுவத்துக் கல்தூண்களைக் கழுவித் துடைத்து, பருத்தி அறையின் பழைய பூட்டுக்குக்கூட எண்ணெய் போட்டு வைத்திருக்கிறான். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து போட்டோ பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

போன வாரம் போன் செய்தான்.

"அத்தை, வந்தவுக எல்லாம் அசந்து போயிட்டாக. நூறு வருசத்து வீடு, ஒரு கல்லுகூடப் பேக்காம வச்சிருக்கீகளேன்னு. அடுப்படியில அந்த ஜன்னலு ஒண்ணுதான் ஒட்டல. யாரோ பெறகு வச்சிருக்காக. அத அடச்சிட்டா முழுசாப் பழைய வீடுதான். சின்னத் தாத்தா பங்கு, ஒங்க அப்பா பங்கு, ஒங்களுக்குத்தான வருது, அதான் ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு…"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"யாரு அத்தை வச்சது அத?"

போனை வைத்துவிட்டேன். யார் வைத்தது என்று அவனுக்குத் தெரியாது. அது அவன் குற்றமில்லை. அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆகவே அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஊருக்கெல்லாம் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

புகைக்காகக் கட்டிய அறை

அந்த அடுப்படியைக் கட்டியவன் முட்டாளில்லை. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை பூசிய சுவர். கையை நீட்டினால் தோள் வரைக்கும் போகிற கனம். வாசற்படி ஒன்று உண்டு, ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே பனங்கை என்கிற பனஞ்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய பரண். அடுப்புப் புகை வெளியே ஓட வழியில்லாமல் அந்த இடைவெளி வழியாகப் பரணுக்கு ஏறும். பரணில்தான் எங்கள் விதை இருந்தது. கட்டுக் கட்டாக இருங்குச் சோளக் கதிர், கம்பங்கதிர், ஓலைப் பெட்டிகளில் குதிரைவாலி. புகை பட்டால் வண்டு வராது. வானம் பார்த்த பூமியில் ஒரு வருஷம் மழை ஏமாற்றினால் அடுத்த புரட்டாசிக்கு விதை வேண்டும். சோற்றுக்கு இல்லாமல் போனாலும் பரண் விதையில் கை வைக்க மாட்டார்கள். அது நல்ல யோசனைதான். நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் புகைக்கு அடியில் ஒருத்தி நிற்க வேண்டும். அதைக் கட்டியவன் யோசித்ததாகத் தெரியவில்லை.

என் அம்மா பதினாறு வயதில் அந்த அடுப்படிக்குள் போனாள். பெரியம்மா பிரசவத்தில் இறந்துபோன பிறகு பெரியப்பா, அவர் பிள்ளைகள், அப்பா, பண்ணையாட்கள் எல்லோருக்கும் அவள் ஒருத்திதான் சமையல். விறகென்று பெரிதாக என்ன இருக்கிறது எங்கள் பக்கம்? பருத்தி எடுத்து முடிந்ததும் பிடுங்கிப் போடுகிற பருத்திமார், சீமைக்கருவேல முள், எருவாட்டி. சமையல் முடிந்த பிறகும் வேலை முடியாது. சாயங்காலம் அடுப்பில் ஈரப் பருத்திமாரைச் செருகி, எரிய விடாமல் புகைய விட வேண்டும். அதற்குப் பெயர் பரணுக்குப் புகை காட்டுவது. சாமிக்குக் காட்டுகிற மாதிரி.

அம்மாவின் தலைமுடியில் எப்போதும் அந்த வாசனை இருக்கும். வெள்ளிக்கிழமை சீயக்காய் தேய்த்துக் குளித்தாலும் போகாது. சின்ன வயதில் அதுதான் அம்மாவின் வாசனை என்று நினைத்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். இப்போது யார் வீட்டிலாவது அந்தப் புகை வந்தால் எழுந்து வந்துவிடுவேன்.

வீரிய விதை

நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கிறபோது யூனியன் ஆபீசிலிருந்து கிராம சேவக் ஒருவர் சைக்கிளில் வந்தார். வீரிய ஒட்டுச் சோளம் என்று ஒரு பையைக் கொடுத்தார். பெரியப்பா முதலில் முறுக்கிக்கொண்டார். ஊரில் இரண்டு பேர் வாங்கிவிட்டார்கள் என்று கேட்டதும் இவரும் வாங்கினார். அந்த வருஷம் மழையும் கைகொடுத்தது. கதிரென்றால் கதிர், கையால் பிடிக்க முடியாது. பெரியப்பா களத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"அடுத்த வருசமும் ஆபீசுல வந்து விதை வாங்கிக்கிடுங்கய்யா, இந்தக் கதிர எடுத்து வெதச்சா சரியா வராது" என்று களத்துக்கு வந்து பார்த்த கிராம சேவக் சொல்லிவிட்டுத்தான் போனார். நானே கேட்டேன். பெரியப்பா அவர் சைக்கிள் மறைகிற வரைக்கும் காத்திருந்தார்.

"வெதையப் போயி வருசா வருசம் வாங்கணுமாம்ல! வெத வாங்குனவன் வீட்டுக்குப் பொண்ணு குடுப்பானா எவனாச்சும்?" என்று சொல்லிவிட்டு, இருப்பதிலேயே பெரிய கதிர்களாகப் பொறுக்கிப் பரணில் ஏற்றினார். பழைய இருங்குச் சோளத்தை இறக்கி மாட்டுக்குப் போட்டார். அம்மா வருஷம் முழுக்கப் புகை காட்டினாள்.

அடுத்த புரட்டாசியில் விதைத்தார்கள். வந்த பயிரைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு தட்டை இடுப்பளவு, பக்கத்துத் தட்டை ஆளுயரம். ஒன்று கதிர் தள்ளும்போது இன்னொன்று குருத்தாக நிற்கிறது. பாதி மணி பிடிக்காத பொக்கு. ரோட்டில் போகிறவன் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

பெரியப்பா வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றார். தம்பி மனைவியிடம் அவர் நேரடியாகப் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஒழுங்காப் புகை போட்டாத்தான? கண்ணு எரியுதுன்னு வெளிய வெளிய ஓடியாந்தா வெத எப்படி வெளங்கும்?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு விதைக்கத் தெரியவில்லை, அம்மாவின் புகை பற்றவில்லையாம். அப்பா அங்கேதான் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறு தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. இதை எழுதும்போது எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அந்தத் துண்டை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அம்மா ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. தன் குற்றம் என்றே நம்பிவிட்டாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. மறு வருஷம் மிச்சக் கதிர்களுக்கு அவள் போட்ட புகை கொஞ்சநஞ்சமில்லை. கண்ணில் நீர் வழிய வழிய வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால், "இரு தாயி, இன்னும் கொஞ்சம் ஏறட்டும்" என்பாள். தைக்குள் இடது கண்ணில் வெள்ளை விழுந்தது. மாசியில் அந்தக் கண்ணுக்கு வெளிச்சமே தெரியவில்லை.

விதை இரண்டாம் முறையும் ஏமாற்றியது. கிராம சேவக் திரும்ப வந்து தலையில் அடித்துக்கொண்டு விளக்கிச் சொன்ன பிறகு வருஷா வருஷம் விதை வாங்க ஆரம்பித்தார்கள். பெண் கொடுக்க எவனும் மறுக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் யாரும் வந்து, உன் புகையில் குறையில்லையம்மா என்று சொல்லவில்லை.

காலிப் பரண்

இப்போது கேளுங்கள். பரண் காலி. ஒரு கதிர் கிடையாது. எலிகூட ஏறுவதில்லை. ஆனாலும் சாயங்காலம் புகை காட்டுவது நிற்கவில்லை.

ஏன் என்று நான் பெரியப்பாவிடமே கேட்டேன். "பனங்கைக்குப் புகை வேணும்த்தா. புகை நின்னாக் கரையான் ஏறிரும். வீடு நிக்கணுமா வேண்டாமா?" என்றார்.

வீடு நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. அதைத்தான் வருகிறவர்கள் கழுத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு பனங்கைகூட அரிக்கவில்லையே என்று அதிசயப்படுகிறார்களாம். கரியேறிக் கண்ணாடி மாதிரி மின்னுகிறதாம். மின்னாமல் என்ன செய்யும்?

மற்றக் கண்ணிலும் சிவப்பு ஏறியதும் மதுரைக்குக் கூட்டிப் போனோம். அப்பா, அம்மா, நான். அருப்புக்கோட்டையில் பஸ் ஏறியதும் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைக் காற்றில் வைத்துக்கொண்டாள். மதுரை போய்ச் சேருகிற வரைக்கும் இருமவில்லை. அதை நான்தான் கவனித்தேன்.

டாக்டர் வயதானவர். விளக்கை அடித்து நெடுநேரம் பார்த்தார். "இடது கண்ணுக்குச் செய்றதுக்கு ஒண்ணுமில்ல. வலது கண்ணுல புண்ணு இருக்கு, மருந்துல ஆறிரும். ஆனா புகையில நின்னா ஆறாது. அடுப்படியில ஜன்னல் இருக்கா?"

"இல்லீங்க" என்றேன்.

"அப்ப முதல்ல சுவரை உடைங்க. அப்புறம் மருந்து போடுங்க."

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கேட்டார், என்ன சொன்னாரென்று. அப்பா, "மருந்து குடுத்திருக்காரு" என்றார். அத்தோடு நிறுத்திவிட்டார். மிச்சத்தை நான் சொன்னேன்.

"டாக்டருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. எங்க தாத்தன் கட்டுன செவுரு. ஒத்தக் கல்லுப் பேத்ததில்ல இதுவரைக்கும். என் காலத்துல அது நடக்காது."

அதற்கடுத்த வருஷம்தான் டிராக்டர் லோன் கிடைத்தது. தாத்தன் கட்டிய வாசல் சுவரை அரை நாளில் இடித்துத் தள்ளினார்கள். பெரியப்பாவே நிழலில் நின்று, "இன்னும் ரெண்டு முழம் எடுங்கலே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அகப்பையோடு வந்து நின்றது அன்றைக்குத்தான்.

அந்தக் கற்களையே வைத்து வாசலை அகலமாகக் கட்டிவிட்டார்கள். வருகிறவர்கள் அந்த வாசலில் நின்றுதான் முதல் போட்டோ எடுக்கிறார்களாம். அது பழைய வாசலில்லை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

சீர்

எனக்குக் காரியாபட்டியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார். நிச்சயம் முடிந்து எல்லோரும் கூடியிருந்தபோது, பெரியப்பா நல்ல மனநிலையில் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்டார்.

"நம்ம வீட்டுல ஒத்தப் பொண்ணு. சீருல என்ன வேணும், வாயத் தொறந்து கேளு தாயி."

"அடுப்படிக்கு ஒரு ஜன்னல்" என்றேன்.

பெரியப்பா சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

"சீருங்கிறது நீ கொண்டு போறதுக்குத்தா. செவுத்து ஓட்டைய எப்படித் தூக்கிட்டுப் போவ?"

பித்தளை அண்டா கொடுத்தார்கள். ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிது. மாமியார் வீட்டில் அதை வைக்க இடமில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்த அண்டாவை அருப்புக்கோட்டைப் பாத்திரக் கடையில் விலைக்குப் போட்டேன். அதே ஊரில் ஒரு பழைய வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேப்பமர ஜன்னல் ஒன்று, கம்பியும் கதவுமாகக் கிடைத்தது. திருச்சுழி பஸ்ஸில் மேலே ஏற்றினேன். கண்டக்டர் ஏணியில் நின்றுகொண்டு, "என்னம்மா, ஜன்னலு மட்டும் முன்னாடி போகுதா, வீடு பின்னாடி வருதா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வீட்டுக் கதையில் நான் சிரித்த ஒரே இடம் அது.

நாள் பார்த்துத்தான் போனேன். அன்று சிவராத்திரி. வீட்டு ஆட்கள் மொத்தமும் காலையிலேயே டிராக்டரில் ஏறி நரிக்குடிப் பக்கம் குலசாமி கும்பிடப் போய்விடுவார்கள். கல்யாணமாகிப் போனவளுக்கு அந்தச் சாமி சொந்தமில்லை, நான் போக வேண்டியதில்லை. அம்மாவால் போக முடியாது. அதற்குள் வலது கண்ணும் போய்விட்டது.

கூட்டி வந்த கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "பெரியவுக வந்தா என்னையக் கொன்னு போடுவாக. மொதக் குத்து வீட்டு ஆளு குத்திக் குடுங்க, பெறகு நான் பாத்துக்கிடுறேன்."

கடப்பாரையை வாங்கினேன். கிழக்குச் சுவர். முதல் குத்துக்குக் காரைதான் உதிர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. எத்தனை குத்து என்று தெரியாது. கொத்தனார் கையைப் பிடித்து, "போதும்மா, விடுங்க" என்று வாங்கிக்கொண்டார். உள்ளங்கை கிழிந்திருந்தது. அப்போது அது வலிக்கவே இல்லை.

முற்றத்தில் வேம்படியில் உட்கார்ந்திருந்த அம்மா சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏடி, இன்னொரு டிராக்டரா வாங்கிட்டாக?"

நான் போய் அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். "இல்லம்மா. அடுப்படிச் செவுரு."

அவள் நம்பவில்லை. கூட்டி வந்து, இடித்த இடத்தில் அவள் கையை வைத்தேன். கல்லைத் தடவினாள். தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டாள். விரல்கள் அந்தப் பக்கம் வெளியே போயின.

"காத்து வருது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெளிச்சமும் வருமாடி?" என்றாள்.

வெயில் அவள் முகத்தின் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

ராத்திரிப் பூசை முடிந்து மறுநாள் காலையில் பெரியப்பா வந்தார். ஜன்னலைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமாக்கும்" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார். அப்பா அந்த ஜன்னலைப் பார்க்கவே இல்லை. சாகிற வரைக்கும் அந்தப் பக்கம் பார்க்காமலேயே சாப்பிட்டு எழுந்தார்.

பதில்

செந்திலு, யார் வைத்தது என்று கேட்டாயே. நான்தான் வைத்தேன். என் சீர் அது.

அடைக்கலாமா என்று கேட்டாய். அடை. நான் குறுக்கே நிற்கவில்லை. அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே, ஒரு கீற்று வெளிச்சம் வராமல் கல்லும் மண்ணும் வைத்து அடை. அடைத்த பிறகு ஈரப் பருத்திமாரை அடுப்பில் வைத்துப் பற்ற வை. உன்னைப் பாராட்ட வருகிறவர்களுக்கெல்லாம் அதில் ஒரு வேளைச் சோறு நீயே ஆக்கிப் போடு. இடையில் வெளியே ஓடி வரக் கூடாது. சோறு வடித்துக் குழம்பை இறக்கிய பிறகு, சாயங்காலம் பரணுக்கும் புகை காட்டு.

காட்டிவிட்டு வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குப் போன் செய். என் பங்குக்கு நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.